கைச்சூடு

“நீங்க ஏன் அண்ணி எதையுமே கேக்க மாட்டேங்கறீங்க?”

நாத்தனார் இதைக் கேட்டு நாலு வருஷம் ஆகிறது. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், சமையலறையில் இருவரும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். அண்ணி அடுத்த தட்டை எடுத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள் அவள். கேட்பது படித்தவர்கள் வேலை, கேட்காமல் செய்துமுடிப்பது நம் வேலை என்று மனசுக்குள் எப்போதோ ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நாத்தனார் ஆராய்ச்சி செய்கிற இடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் வேண்டும் என்று ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவளைக் கூட்டிப் போய்ச் சேர்த்தபோதும் அப்படித்தான். இதை இப்படிக் கழுவு என்றார்கள், கழுவினாள். அதை அங்கே கொண்டுபோய் வை என்றார்கள், வைத்தாள். நாத்தனார் “அண்ணி, அண்ணி” என்று கூப்பிட்டதில் அதுவே அவள் பெயராகிவிட்டது. அறுபது வயதுத் துறைத் தலைவர்கூட “அண்ணி, ஐஸ் தீர்ந்துபோச்சு” என்பார். காவலாளிக்கும் அவள் அண்ணிதான்.

இன்று காலை வீட்டில் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. நாத்தனார் அதைத் தொடவில்லை.

“பொடிசு, சாப்பிடு. அந்த ஆளு ஒன்ன ஒண்ணும் தின்னுட மாட்டாரு” என்றான் அவள் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். தங்கைக்கு இருபத்தொன்பது வயதாகியும் அவனுக்கு அவள் பொடிசுதான்.

“தின்னுடுவாருண்ணா. நான் எழுதி வச்சபடியே அவங்க மூணு தடவ செஞ்சு பாத்தாங்களாம். ஒரு தடவகூட நீலம் வரலையாம்.”

“அவங்களுக்குச் செய்யத் தெரியல.”

“எனக்குப் பல்லு முளைக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து அவரு இந்த வேலையச் செய்யறாரு.”

போன வாரம் வந்த கடிதம் மேஜைமேல் கிடந்தது. நாத்தனாரின் மூன்று வருஷ ஆராய்ச்சியைப் படித்துப் பார்த்துப் பட்டம் தரலாமா என்று சொல்ல வேண்டிய வெளியூர்ப் பரிசோதகர் எழுதியது. ‘நேரில் வந்து பார்க்க விரும்புகிறேன்’ என்று முடிந்திருந்தது. நாளைக் காலை பட்டக் குழு கூடுகிறது. அதற்கு முந்தின நாளான இன்றுதான் வரப்போகிறார்.

“நேர்ல பாக்கணும்னா என்ன அர்த்தம்? நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்” என்றாள் நாத்தனார்.

அண்ணன் ரொட்டியை மடித்து வாயில் போட்டுக்கொண்டான். “எனக்கு ஒரு தடவ லிஃப்ட் பாஷையில சொல்லேன். நீ என்னதான் செய்யற?”

“நூறு தடவ சொல்லியாச்சு.”

“நூத்தியொண்ணு.”

நாத்தனார் பெருமூச்சு விட்டாள். “உயிருள்ள செல்லுன்னா மூடின லிஃப்டுன்னு வச்சுக்கோ. இரும்புத்துகள்தான் வெளிய நிக்கற ஆளு. தூசியவிட ஆயிரம் மடங்கு சின்ன ஆளு. கண்ணிமைக்கறதவிடக் குறைஞ்ச நேரம் கரண்ட் குடுத்தா, செல்லோட சுவத்துல சின்னச் சின்ன ஓட்டை விழும். கதவு திறந்த மாதிரி. ஆளு உள்ள போயிடுவான். அப்புறம் கதவு தானா மூடிக்கும்.”

“உள்ள போயி என்ன பண்ணுவான்?”

“சும்மா இருப்பான். அந்தச் செல்லை உடம்புல விட்டா, அது எங்க போகுது, எங்க தங்குதுன்னு ஸ்கேன்ல தெரியும். இரும்பு காட்டிக் குடுத்துடும்.”

“சரி, ஆளு உள்ள போகாம கதவுமேலயே தொங்கிட்டிருந்தா?”

நாத்தனார் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “அதத்தான் அவரும் கேப்பாரு. கதவு சட்டுனு மூடிடக் கூடாதுன்னுதான் கரண்ட் குடுத்ததும் பத்து நிமிஷம் ஐஸ்ல வைக்கறது. எல்லாம் எழுதியிருக்கேன். ஒவ்வொண்ணையும் என் கையால செஞ்சேன்னு கையெழுத்தும் போட்டிருக்கேன். அதுக்கு மேல என்ன செய்ய?”

ஐஸ் என்ற சொல் காதில் விழுந்தபோது தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணியின் கை ஒரு கணம் நின்றது. ஏன் நின்றது என்று அவளுக்கே விளங்கவில்லை. அடுப்பை அணைக்க மறந்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

•

பரிசோதகர் குள்ளமாக, யாரோ ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார். தோளில் துணிப்பை. வந்ததும் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு, “நான் ஓரமா நிக்கறேன்மா. நீங்க எப்பவும் செய்யற மாதிரி செய்யுங்க” என்றார்.

ஓரமாக நிற்கவில்லை. நாத்தனாரின் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றார்.

நாத்தனார் குடுவையிலிருந்து செல் கலந்த நீரை எடுத்தாள். துரு கரைந்த தண்ணீர் போல இருந்த இரும்புத்துகள் நீரை அதில் சேர்த்தாள். மூன்று குப்பிகளில் ஊற்றினாள். சுண்டுவிரல் உயரச் சதுரக் குப்பிகள். எதிரெதிர்ப் பக்கச் சுவர்களில் அலுமினியத் தகடு. ஒவ்வொன்றாகக் கரண்ட் பெட்டிக்குள் வைத்து மூடிப் பொத்தானை அமுக்கினாள்.

டக்.

அவ்வளவுதான் சத்தம். ஒன்றரை வருஷமாகக் கேட்டும் அந்த ‘டக்’ அண்ணிக்குப் பழகவில்லை. யாரையோ தலையில் குட்டுகிற மாதிரி இருக்கும்.

மூன்று குப்பிகளும் ஐஸ் வாளிக்குள் போயின. கரண்ட் பெட்டி இருப்பது நடைபாதையின் ஒரு கோடியில். அடுத்த வேலைக்கான சுழற்றும் இயந்திரம் மறு கோடியில். வழக்கமாக நாத்தனார் இங்கேயே இருந்து அடுத்த குப்பியைத் தயார் செய்வாள். கொண்டுபோகிற வேலை அண்ணியுடையது. அவள் வாளிக்குக் கையை நீட்டினாள்.

“இருக்கட்டும்மா, நான் தூக்கிக்கறேன்” என்றார் பரிசோதகர். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் வாளிக்குப் பக்கத்திலேயே நின்றார். பிறகு வாளியோடு நடந்தார். நாத்தனார் அவர் பின்னால் போனாள். அண்ணி அவள் பின்னால் போனாள். போகிற வழியெல்லாம் தன் இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

சுழற்றி, கழுவி, சாயம் ஏற்றிப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரும்பு உள்ளே இருந்தால் சாயத்தில் நீலம் தெரியும். செல் இளஞ்சிவப்பாக, அதற்குள் நீலப் பொட்டாக. போன மாதம் நாத்தனார் ஒரு முறை அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். பூத்தையல் போட்ட துணி மாதிரி இருந்தது.

நாத்தனார் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். திருகைத் திருகினாள். மறுபடி திருகினாள். அடுத்த கண்ணாடித் துண்டை வைத்தாள். அதற்கடுத்ததையும்.

பிறகு எழுந்து பரிசோதகருக்கு இடம் விட்டாள்.

“இளஞ்சிவப்பா இருக்கு” என்றார் அவர், பார்த்துவிட்டு. “எங்க ஊர்லயும் இப்படித்தான் இருந்துச்சு.”

“வரும் சார். ஒண்ணரை வருஷமா எப்பவும் வருது. இன்னைக்கு என்னன்னு...” நாத்தனார் சட்டென்று திரும்பினாள். “அண்ணி, குப்பிய எதுல கழுவினீங்க?”

“எப்பவும் கழுவறதுலதான்.”

“நல்லா அலசினீங்களா? உப்புத்தண்ணி தங்கியிருக்கும். ஒரு நாள், இந்த ஒரு நாள் ஒழுங்கா செஞ்சிருக்கக் கூடாதா?”

நாலு வருஷத்தில் நாத்தனார் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. அண்ணி தரையைப் பார்த்தாள்.

“உப்பு இருந்தா கரண்ட் குடுக்கறப்ப பட்டுனு வெடிச்சிருக்குமேம்மா” என்றார் பரிசோதகர் மெல்ல. “வெடிக்கல. கழுவினவங்களச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.”

பழி சொன்னவளைவிடப் பரிந்து பேசியவரைப் பார்த்துத்தான் அண்ணிக்கு அழுகை வந்தது. கழுவுமிடத்துக்குப் போய் நின்றாள்.

•

அங்கே ஃபோன் அடித்தது. புருஷன்.

“என்ன ஆச்சு?”

“வரலங்க.”

“வரலையா? எப்படி வராம போகும்? எப்பவும் செய்யற மாதிரிதான செஞ்சீங்க?”

“எல்லாம் அதேதான். அவளே ஊத்தினா, அவளே கரண்ட் குடுத்தா. வாளிய மட்டும் அந்தப் பெரியவரு தூக்கிட்டுப் போனாரு. நான் தூக்கல, அவ்வளவுதான்.”

சொல்லி முடித்ததும் தன் கையைப் பார்த்தாள். குழாயைத் திறந்து விட்டிருந்தாள். தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“ஏய், இருக்கியா?”

“ஏங்க, நான் அத ஐஸ்ல வைக்கறதில்ல.”

“எத?”

“அந்தக் குப்பிய. கையில வச்சுப்பேன்.”

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லிஃப்டின் மின்பலகையில் அவனுக்குக் கரண்ட் அடித்தது. வீட்டுக்கு வந்தும் வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அண்ணி அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். நடுக்கம் நின்றது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இதற்குள் இருப்பது உயிர், இதற்குக் கரண்ட் கொடுக்கிறோம் என்று நாத்தனார் சொன்னபோது அவளுக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. கரண்ட் அடித்த உயிரை யாராவது ஐஸில் போடுவார்களா? வாளியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, குப்பிகளை மறு கையில் பொத்திக்கொண்டு, வெயில் விழுகிற சன்னலோரம் பத்து நிமிஷம் நிற்பாள். சுழற்றும் அறைக்குள் நுழைவதற்கு முன்னால் திரும்ப ஐஸில் வைத்துவிடுவாள். தப்பு என்று தோன்றவில்லை. சரி என்றும் தோன்றவில்லை. பிள்ளையைத் தூக்கினால் தலைக்குக் கை கொடுப்போமே, அதை யாரும் யோசித்தா செய்கிறோம்?

“எத்தன நாளா?” என்றான் புருஷன்.

“சேந்ததுலேர்ந்து.”

அவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான். “அதனாலதான் வந்துச்சுங்கறியா? நீலம்?”

“தெரியலங்க. எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல.”

“இதப் பாரு. யாருகிட்டயும் சொல்லாத. எல்லாம் என் கையால செஞ்சேன்னு அவ கையெழுத்துப் போட்டிருக்கா. நீ வாயத் திறந்தா அது பொய்யின்னு ஆயிடும். நுணலும் தன் வாயால கெடும்.”

“சொல்லலன்னா, நீலம் வந்ததே பொய்யின்னு ஆயிடுமே?”

ஃபோனுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு லிஃப்ட் ஏறியது.

“ஆமா, அப்படியும் ஒண்ணு இருக்கு” என்றான். “எனக்குத் தெரியலம்மா. நான் என்ன படிச்சேன்? இரு, மேஸ்திரி கூப்பிடறாரு.”

வைத்துவிட்டான்.

அண்ணி குழாயை மூடினாள். சொன்னால் நாத்தனார் எழுதியது பொய். சொல்லாவிட்டால் நாத்தனார் பார்த்தது பொய். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் நடந்தாலும் மரத்தில்தான் முட்டும்.

நடைபாதைக்கு வந்தாள். உள்ளே பரிசோதகர் துணிப்பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் சுவரில் சாய்ந்து நின்றாள். தப்பு செய்யாதவள் தப்பு செய்தவள் போல நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அண்ணியின் வாய், அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“சார். அத நான் கையில வச்சிருப்பேன்.”

•

இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை யாருக்கும் கேட்கவில்லை.

“கையிலயா?” என்றாள் நாத்தனார். “ஐஸ்ல வைக்கச் சொல்லி எத்தன தடவ சொல்லியிருக்கேன்?”

“வைப்பேன். கடைசியில.”

“கடைசியிலன்னா?”

“உள்ள வர்றதுக்கு முன்னாடி.”

நாத்தனார் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று அண்ணி எதிர்பார்த்தாள். ஆனால் அவள் விரல்களின் இடுக்கு வழியாகப் பரிசோதகரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வேறென்னவோ. “சார், அப்ப ஐஸ்தான் தப்பு. கரண்ட் தப்பில்ல. என் வேலை தப்பில்ல.”

பரிசோதகர் பையைக் கீழே வைத்தார். முதல்முறையாக அண்ணியை நன்றாகப் பார்த்தார். திட்டவில்லை. கடைக்காரர் செல்லாக் காசு என்று தூக்கிப்போடப் போனதைத் திருப்பிப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

“இருக்கலாம்” என்றார். “இன்னொண்ணும் இருக்கலாம். செல்லுக்குச் சூட்டுல பசியெடுக்கும். மேல ஒட்டியிருக்கறத அதுவே விழுங்கிடும். அப்படின்னா உங்க கரண்டே வேண்டாம்மா. இவங்க கையே போதும்.”

நாத்தனார் மூன்று வருஷமும் அந்தக் கரண்டைப் பற்றித்தான் எழுதியிருந்தாள்.

“எவ்வளவு செல் மிச்சம் இருக்கு?”

“நாலு குப்பிக்கு வரும் சார். அது தீர்ந்தா வளர ஆறு நாளாகும்.”

“ஆறு நாள் எனக்கு ஏது? நாளைக்குக் காலையில குழு. இன்னைக்கு என்ன பாக்கறேனோ அதத்தான் எழுதணும்.” அவர் மேஜையிலிருந்து கறுப்பு மைப் பேனா ஒன்றை எடுத்தார். “மூணுக்குக் கரண்ட் குடுங்க. ஒண்ணுக்குக் குடுக்காதீங்க. நாலையும் இவங்க கையில பிடிக்கட்டும். கரண்ட் குடுத்த மூணு மட்டும் நீலமானா நீங்க சொன்னது சரி. நாலும் நீலமானா...”

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

கரண்ட் கொடுக்காத குப்பியின் மூடிமேல் பரிசோதகரே ஒரு கறுப்புப் புள்ளி வைத்தார். டக், டக், டக். அண்ணி கையை நீட்டினாள்.

“இருங்க” என்றாள் நாத்தனார். “வெறுங்கையோடயா? கைய ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுக்குங்க.”

எப்போதும் அண்ணி துடைத்ததில்லை. இன்று பெரிய மனிதர் வந்திருக்கிறார், சுத்தமாக இருக்கட்டும் என்று நாத்தனாரே தெளிப்பானை எடுத்து அவள் இரண்டு கையிலும் அடித்தாள். சில்லென்றது. அது காய்வதற்குள் நாலு குப்பிகளும் வலது கை விரலிடுக்குகளில் ஏறிவிட்டன. மூடிகள் உள்ளங்கைப் பக்கம்.

சன்னலோரம் பத்து நிமிஷம். முன்னால் அண்ணி, ஒரு முழம் தள்ளிக் கடிகாரத்தோடு பரிசோதகர், அவருக்குப் பின்னால் நாத்தனார். அந்தப் பக்கம் வந்த காவலாளி, “என்ன அண்ணி, கைரேகை பாக்கறாங்களா?” என்று கேட்டுவிட்டு, யாரும் சிரிக்காததால் நகர்ந்துபோனான்.

இதுவரை யோசிக்காமல் செய்ததை இன்று யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. இறுக்கிப் பிடித்தோமா, லேசாகப் பிடித்தோமா? பெருவிரல் உள்ளே இருக்குமா, வெளியே இருக்குமா? தன் கை தனக்கே அன்னியமாகத் தெரிந்தது. எட்டாவது நிமிஷம் விரல் மரத்தது. பத்தாவது நிமிஷம் சுழற்றும் அறைக் கதவைத் தள்ள வேண்டியிருந்தது. கனமான கதவு; வலது கையால்தான் தள்ள முடியும். குப்பிகளை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். தள்ளினாள். நடந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தாங்கியில் நிறுத்தினாள்.

“புள்ளி வச்சது எதும்மா?” என்றார் பரிசோதகர்.

நாலு மூடியும் வெள்ளை.

அண்ணி கையை விரித்தாள். வலது உள்ளங்கையில் கறுப்பாக ஒரு தீற்றல். இடது கையிலும் ஒன்று.

ஸ்பிரிட் பட்டால் அந்த மை நிற்காது. அதனால்தான் அங்கே எல்லாரும் பென்சிலால் எழுதுவார்கள். அண்ணிக்கு அது தெரியும். நாத்தனாருக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். பரிசோதகருக்கு அவர்கள் இருவரைவிடவும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று பேரும் அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா இருக்கே” என்றார் பரிசோதகர் கடைசியில். “சரி, ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எழுதுவோம். பென்சில்ல.”

•

சாயம் ஏறிய பிறகு நாத்தனார் முதலில் பார்த்தாள். ஒன்றாவது குப்பி: நீலம். அவள் தோள் லேசாகத் தளர்ந்தது. இரண்டாவது: பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது நீலம். நாலாவது நீலம்.

“ரெண்டாவதுல இல்ல சார்.” எழுந்து இடம் விட்டாள். “மூணுல வந்திருக்கு, ஒண்ணுல வரல. அந்த ஒண்ணுதான் கரண்ட் குடுக்காதது. பாருங்க சார்.”

அவர் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். “ஆமா. மூணு நீலம், ஒண்ணு இல்ல.”

“அப்ப சரியாப்போச்சு.”

“அது எந்த ஒண்ணுன்னு தெரிஞ்சா சரியாப்போச்சு. கரண்ட் குடுத்ததுல ஒண்ணு அடியோட செத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். அப்ப கரண்டே குடுக்காத குப்பி இந்த மூணு நீலத்துல ஒண்ணு.”

“எனக்கு எப்பவும் எல்லாத்துலயும் வரும் சார்.”

“காலையில மூணுலயும் வரலையேம்மா.”

பரிசோதகர் ஒரு நாற்காலியை இழுத்து அண்ணிக்கு முன்னால் போட்டு, அவளை உட்காரச் சொன்னார். அவர் நின்றார்.

“நீங்கதான் வச்சிருந்தீங்க. உங்களுக்குத்தான் தெரியும். புள்ளி வச்ச குப்பி எந்த விரல்கிட்ட இருந்துச்சு? தாங்கியில எத்தனாவதா வச்சீங்க? அவசரமே இல்ல. நீங்க சொல்றத அப்படியே எழுதிக்கறேன்.”

தன் வாழ்க்கையில் இத்தனை பேர் தன் பதிலுக்காகக் காத்திருந்ததில்லை என்று அண்ணிக்குத் தோன்றியது. இரண்டே பேர்தான். ஆனாலும் ஒரு வகுப்பே திரும்பி உட்கார்ந்து பார்ப்பது போல இருந்தது.

“அண்ணி, நல்லா யோசிச்சுப் பாருங்க.” நாத்தனார் பக்கத்தில் வந்து குனிந்தாள். காலையில் கத்திய குரல் இல்லை இது. காய்ச்சலில் கிடப்பவரிடம் பேசுகிற குரல். “மோதிர விரல்கிட்டதான இருந்துச்சு? நான் பாத்தேன். சுண்டுவிரல்கிட்ட இருந்தத முதல்ல வச்சீங்க. அடுத்து மோதிர விரல். அப்ப ரெண்டாவதுதான? ரெண்டுதான?”

“நீங்க சொல்லிக் குடுக்காதீங்கம்மா” என்றார் பரிசோதகர்.

ஒரு தலையாட்டல் போதும். ‘ஆமா, ரெண்டு’ என்று இரண்டு சொல். நாளைக்குப் பட்டம் உறுதியாகிவிடும். ஐஸ் தப்பு, கரண்ட் சரி என்று ஒரு வரி திருத்தினால் முடிந்தது. அதுவே உண்மையாகவும் இருக்கலாம். பாதிக்குமேல் உண்மையாகத்தான் இருக்கும் என்று அண்ணியின் மனசு சொன்னது. அப்படிச் சொல்வது மனசா, ஆசையா?

கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நினைவுக்குக் கொண்டுவந்தாள். சன்னலோரம் நின்றபோது புள்ளி மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இருந்தது. அது நிச்சயம். பிறகு கதவு. இடது கை. ஒன்றாக மாற்றினோமா, ஒவ்வொன்றாக மாற்றினோமா? மாற்றியதும் வரிசை தலைகீழாகியிருக்குமா? தாங்கியில் வைத்தபோது எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம்? கதவின் கனம் ஞாபகம் இருந்தது. கைப்பிடியின் குளிர்ச்சி ஞாபகம் இருந்தது. குப்பிகள் மட்டும் அந்த இடத்தில் காணாமல் போயிருந்தன.

கண்ணைத் திறந்தாள். நாத்தனாரின் முகம் மிக அருகில் இருந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“தெரியல சார்” என்றாள் அண்ணி. “கதவுகிட்ட கை மாத்தினேன். அதுக்கப்புறம் எது எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல.”

“ரெண்டா இருக்கலாமா?”

“இருக்கலாம். மூணாவும் இருக்கலாம்.”

பரிசோதகர் தலையை ஆட்டினார். மேஜையில் இருந்த தாளை இழுத்து ஏதோ எழுதத் தொடங்கினார். என்ன எழுதுகிறார் என்பது அண்ணி இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. தெரிந்தாலும் தலைகீழாகத்தான் தெரிந்திருக்கும்.

நாத்தனார் நிமிர்ந்தாள். கையுறைகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் வெளியே வரும்படி உருவித் தொட்டியில் போட்டாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அது நழுவி விழ, எடுத்து மறுபடி மாட்டினாள். நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். எல்லாம் தினமும் செய்கிற வரிசையில்தான் செய்தாள், நேரம் மட்டும் நாலு மணிகூட ஆகவில்லை.

“பொடிசு” என்றாள் அண்ணி. அந்தப் பெயரில் அவளை அண்ணி கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

நாத்தனார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அண்ணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தபோது ஒரு கணம் நின்றாள். அந்தக் கனமான கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கதவு அதுவாக, மெதுவாக வந்து மூடியது. மூடும்வரை படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஏறுகிறதா இறங்குகிறதா என்பது மட்டும் அண்ணிக்குப் பிடிபடவில்லை.